[கலைச்சொல்] உலாவியில் ‘ஜூம்’: பெருக்கமா, அணுக்கமா, அளவா?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உலாவியின் அடுத்த வெளியீட்டுக்கான சரங்கள் (திரையில் தெரியும் சொற்களும் தொடர்களும்) வெள்ளி இரவோடு பூட்டப்படும். மற்றதெல்லாம் முடிந்தது, ஜூம் தொடர்பானவை மட்டும் நிற்கின்றன. கோப்பைத் திறந்து பார்த்தால் பட்டியில் (மெனுவில்) ‘பெரிதாக்கு’, அமைப்புகளில் ‘உருப்பெருக்கம்’, உதவிப் பக்கத்தில் ‘ஜூம்’ என்று மூன்று கை எழுதியிருக்கிறது. உதவியைப் படித்துவிட்டு அமைப்புகளுக்குள் போகிறவர் தான் தேடிய சொல்லை அங்கே பார்க்க மாட்டார்.

வேண்டியவை: கூட்ட ஓர் ஏவல், குறைக்க ஓர் ஏவல், 100%-க்குத் திரும்ப ஒன்று, ‘67%’ என்ற எண்ணுக்கு முன்னால் நிற்க ஒரு பெயர், எழுத்துக்கு மட்டுமான தெரிவு, பிடிஎஃப் காட்டியில் பக்கத்தைத் திரைக்குள் அடக்கும் தெரிவு.

என் முன்மொழிவு: உருப்பெருக்கு, உருச்சுருக்கு, உருப்பெருக்கம்: 67%. கருத்துச் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: நிரலாளர்

> உருப்பெருக்கம்: 67%

மூன்றில் இரண்டு பங்காகக் குறுகிப்போன பக்கத்தின் மேல் ‘பெருக்கம்’ என்று எழுதுவதா? பயனர் ஒரு கணம் தடுமாறுவார். எண்ணுக்கு முன் நிற்கும் பெயர் இருபக்கமும் சாயாததாக இருக்க வேண்டும்.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை

தடுமாற வேண்டியதே இல்லை. ஒளியியலில் உருப்பெருக்கம் என்பது பிம்பத்தின் உயரத்தைப் பொருளின் உயரத்தால் வகுத்து வரும் விகிதம். ஒன்றுக்கு மேல் இருந்தால் பெரிய பிம்பம், ஒன்றுக்குக் கீழ் என்றால் சிறியது. குளிர்ந்தாலும் நாம் வெப்பநிலை என்றுதானே சொல்கிறோம்? பாடநூலில் படித்து வந்த சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் படைத்தால், வகுப்பில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக மாணவர் இரண்டு சொல் சுமக்க நேரும். என் வாக்கு உருப்பெருக்கத்துக்கு.

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு)

அன்புடையீர், பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. அதில் குற்றமில்லை. ஆனால் ஏவலாகத் தனியே நின்றால் ‘பெருக்கு’ வீட்டையும் பெருக்கும், எண்ணையும் பெருக்கும். ‘உரு’ என்ற முன்னொட்டு இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. ஒட்டிய பிறகோ பொத்தானில் இடமில்லை.

எனக்கு ‘அண்’ என்ற வேர் பிடித்திருக்கிறது. அண்மை, அணுகு, அண்டை, அண்ணு எல்லாம் அதன் கிளைகள். இலக்கணத்தில் அணிமைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று இணையாகவே வைத்திருக்கிறோம். அணுக்கு, அகற்று என்று இரண்டு ஏவல் வைத்தால் எதிரிணை அழகாக அமையும். ‘அகல்’ விரிதலையும் விலகலையும் குறிப்பது இன்னொரு வளம். அகலம், அகற்சி, அகல்வு என்று...

அனுப்பியவர்: நிரலாளர்

ஐயா, அகல்வு வரைக்கும் போவதற்கு முன் இயக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

கைப்பேசியில் இரண்டு விரலால் விரிக்கும்போது பக்கத்தின் வடிவமைப்பு மாறுவதில்லை. அதே பக்கத்தின் ஒரு துண்டை நெருங்கிப் பார்க்கிறோம், மீதி திரைக்கு வெளியே போகிறது. அதற்கு ‘அணுக்கம்’ அச்சாகப் பொருந்தும். மேசைக்கணினியில் கண்ட்ரோலோடு கூட்டல் விசையை அழுத்தும்போது நடப்பது வேறு. அங்கே சிஎஸ்எஸ் பிக்சலின் (வலைப்பக்கம் தன் நீள அகலங்களைக் கணக்கிடும் அலகின்) அளவே பெரிதாகிறது. 1280 பிக்சல் அகலச் சாளரத்தில் 200% வைத்தால், தனக்கு 640 பிக்சல்தான் இடம் என்று பக்கம் எடுத்துக்கொள்ளும். வரிகள் மறுபடி மடியும், அருகருகே நின்ற மூன்று பத்தி ஒன்றாகும், பட்டி சுருங்கி ஒரு பொத்தானுக்குள் போய்விடும்.

குறைப்பதும் இதே கணக்குதான். 1600 பிக்சலுக்கு என்று இறுக்கி வடிவமைத்த பக்கம் அந்த 1280 சாளரத்தில் கிடையாக உருளும். 80% வைத்தால் 1280-ஐ 0.8-ஆல் வகுத்து 1600 கிடைக்கும், பக்கம் அடங்கிவிடும். செங்குத்து உருள்பட்டை பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இன்னொரு படி இறக்க வேண்டிவரும். இங்கே எதுவும் அணுகவும் இல்லை, அகலவும் இல்லை. அளவுதான் மாறுகிறது.

அனுப்பியவர்: சோதனையாளர்

நான் பார்வைக் குறைவுள்ளவள். நாள் முழுக்க 250 அல்லது 300 விழுக்காட்டில்தான் வேலை செய்கிறேன். இந்தப் பேச்சில் எனக்கு ஒரு தேவை இருக்கிறது: சொல் குட்டையாக இருக்கட்டும்.

வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.1 (2018), 320 சிஎஸ்எஸ் பிக்சல் அகலத்திலும் கிடையாக உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது. 1280 திரையில் 400% வைப்பதற்கு அது சமம். அந்த 320-க்குள் ‘உருப்பெருக்கத்தை மீட்டமை’ என்ற பொத்தானை வைத்துப் பாருங்கள். ‘உருப்பெருக்கத்தை’ ஒரே சொல், நடுவில் உடைய இடமில்லை. பெரிய எழுத்தில் அது பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டுகிறது, ‘மீட்டமை’ கீழே விழுந்து பாதி மறைகிறது. பெரிதாக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பொத்தான் வேண்டும். அவர் பெரிதாக்கியதுமே அதைப் படிக்க முடியாமல் போவது சரியில்லை.

அனுப்பியவர்: கல்லூரி மாணவர்

எல்லோரும் பேச்சில் ஜூம் என்றுதான் சொல்கிறோம். இரண்டு எழுத்து, 400 விழுக்காட்டிலும் பெட்டிக்குள் அடங்கும். அப்படியே வைத்தால் என்ன?

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, கடன் வாங்குவதைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று வழியே காட்டியிருக்கிறார். அந்த வழியில் ஜகரத்தை நீக்கினால் ‘சூம்’ ஆகும். சூம்புதல் என்றால் வாடிச் சிறுத்துப் போதல். பெரிதாக்கும் பொத்தானுக்கு அந்தப் பெயரா? மேலும் ஆங்கிலத்திலேயே அது விர்ரென்ற ஓசையைக் குறித்த சொல். விமானம் செங்குத்தாக மேலேறுவதற்கு வழங்கி, பிறகு ஒளிப்படக் கருவிக்கு வந்தது. அவர்கள் ஓசையில் பிறந்ததை நாம் பொருளில் பிறப்பிக்க உரிமையுண்டு.

நிரலாளர் ‘அளவு’ என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. ‘தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர்’ என்கிறது 433-ஆம் குறள். தினை பனையாகவில்லை, கொள்பவர் பார்வையில்தான் பனை. இது பெரிதாக்கல். திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரிலுள்ள வெண்பா, தினையளவும் போதாத புல்நுனி நீர் நீண்ட பனையளவு காட்டும் என்கிறது. அது சிறிதாக்கல்: முழுப் பனையும் ஒரு துளிக்குள் அடங்குகிறது. தினையளவு, பனையளவு இரண்டுக்கும் அங்கே பொதுவாக நிற்பது ‘அளவு’தான். அதே வெண்பா ‘விரி’ என்று முடிவதையும் கவனியுங்கள். ஆகவே ஏவலுக்கு விரி, சுருக்கு. பெயருக்கு அளவு.

அனுப்பியவர்: ஒருங்கிணைப்பாளர்

ஐயா, ‘விரி’, ‘சுருக்கு’ இரண்டும் பக்கப்பட்டியைத் திறந்து மூடும் பொத்தான்களுக்கு ஏற்கெனவே போய்விட்டன. ஒரே திரையில் ஒரே சொல் இரண்டு வேலை செய்ய முடியாது.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை

‘அளவு’ மட்டும் ஒரே வேலை செய்கிறதா? கோப்பின் அளவு, தாளின் அளவு, எழுத்தளவு எல்லாம் இதே உலாவியில் இருக்கின்றன. அச்சிடும் சாளரத்தில் ‘அளவு: 80%’ என்று கண்டால் தாள் சிறுத்ததா, அச்சு சிறுத்ததா?

அனுப்பியவர்: நிரலாளர்

சரியான கேள்வி. ‘காட்சியளவு’ என்றால் தீருமா? தாளையும் கோப்பையும் தொடாது, 67-க்கும் 300-க்கும் ஒத்துவரும். தளத்துக்குத் தளம் உலாவி நினைவில் வைத்துக்கொள்வதும் இதைத்தான். பக்கம் மாறுவதில்லை, நமக்குக் காட்டும் அளவு மாறுகிறது.

இன்னொன்று. பயர்பாக்ஸில் இருப்பதுபோல் எழுத்துக்கு மட்டுமான தெரிவை ‘எழுத்தை மட்டும் பெரிதாக்கு’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தேர்ந்துவிட்டுக் குறைத்தாலும் எழுத்து மட்டும்தான் குறையும். ‘எழுத்தளவை மட்டும் மாற்று’ என்று திருத்த வேண்டும்.

அனுப்பியவர்: சோதனையாளர்

காட்சியளவு எனக்குச் சம்மதம், 400%-இல் வைத்துப் பார்த்தேன், அடங்குகிறது. பிடிஎஃப் காட்டியில் ‘திரைக்குப் பொருத்து’ வேண்டாம். பொருத்துவது என்றால் மின்விசிறியை மாட்டுவது போல ஆகிவிடுகிறது. அதோடு எதை அடக்குகிறோம் என்பதும் தெரியவில்லை. முழுத்தாளும் தெரிவது ஒன்று, அகலம் மட்டும் அடங்கிக் கீழே உருட்டிப் படிப்பது இன்னொன்று. எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் வேண்டும். ‘முழுப்பக்கம்’, ‘பக்க அகலம்’ என்று வினையே இல்லாமல் போட்டுவிடலாம்.

அனுப்பியவர்: ஒருங்கிணைப்பாளர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. வந்த வாக்குகளில் பெரும்பான்மைப்படி கோப்பில் இட்டவை:

பெரிதாக்கு, சிறிதாக்கு, காட்சியளவு: 67%, இயல்பளவு (100%-க்குத் திரும்ப), எழுத்தளவை மட்டும் மாற்று, முழுப்பக்கம், பக்க அகலம். கைப்பேசிப் பதிப்பில் இருவிரல் செயலுக்கு ‘அணுக்கம்’ வைப்பதா என்பதை அடுத்த சுற்றுக்குத் தள்ளுகிறேன். மாணவர் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்: அமைப்புகளின் தேடல் பெட்டியில் ‘ஜூம்’, ‘உருப்பெருக்கம்’ என்று தட்டினாலும் காட்சியளவு கிடைக்கும்படி அவற்றைத் தேடுசொற்களாகச் சேர்த்திருக்கிறேன்.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை

தேடுசொல்லாகவாவது வைத்தீர்களே, நன்றி. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். நிலைபெற்ற ஒரு கலைச்சொல் இருக்கும்போது அதே விகிதத்துக்கு இன்னொரு பெயர் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை.

அனுப்பியவர்: தமிழாசிரியர் (ஓய்வு)

‘காட்சியளவு’ என்று சேர்த்து எழுதுங்கள், இடைவெளி விட்டால் இரண்டு பெயராகப் பிரிந்துவிடும். ‘அணுக்கம்’ அடுத்த சுற்றுக்கு வரும்போது அகல்வைப் பற்றி விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.