மலையுச்சியில் பாதாளக் குழி: செவ்வாய் நிலப்பரப்பு உருவாக்குவதில் உதவி தேவை

செந்தரை:
செவ்வாயின் கேல் பள்ளத்தை அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். மோலா (செவ்வாயைச் சுற்றிய விண்கலத்தின் லேசர் உயரமானி) தந்த உயரத் தரவு, பிக்சலுக்கு 463 மீட்டர். ரா கோப்பாக மாற்றி ஏற்றினேன். நடுவிலுள்ள ஏயோலிஸ் மலை, தரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் எழும்ப வேண்டும். எனக்கோ உச்சி இருக்க வேண்டிய இடத்தில் பாதாளக் குழி! பள்ளத்தின் தரையில் ஒரு பிக்சலின் மதிப்பு 61,036 என்று வருகிறது. ஸ்மூத் ஃபில்டர் போட்டால் குழியின் விளிம்பு மழுங்குகிறது, அவ்வளவுதான். மூன்று நாளாக இதே வேலை. யாராவது கைகொடுங்கள்.

உயரக்கோடு:
அந்த எண்ணைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. 61,036-இலிருந்து 65,536-ஐக் கழியுங்கள்: −4,500. கேல் தரையின் உயரம் ஏறத்தாழ அதுதான். ஆக, தரவில் பழுதில்லை.

மோலாவில் இருப்பவை குறியுள்ள 16 பிட் எண்கள் (மொத்தம் 65,536 மதிப்புகள்), மைனஸும் வரும். எஞ்சின் குறியில்லாத எண்களாகப் படிக்கிறது. செவ்வாயில் கடல் இல்லாததால், ஈர்ப்பைக் கொண்டு கணித்த ஒரு மட்டத்தைச் சுழியமாக வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் தரை அதற்குக் கீழே, மலையுச்சி சற்று மேலே. மைனஸ் எல்லாம் வானத்துக்கு ஏறிவிட, உச்சி மட்டும் தன் இடத்திலேயே நிற்கிறது. அதுதான் உங்கள் குழி.

ஜிடாலில் (வரைபடத் தரவை மாற்றும் இலவச மென்பொருள்) எல்லா மதிப்புக்கும் 32,768 கூட்டி, குறியில்லாத 16 பிட் பிஎன்ஜியாக எழுதுங்கள். அன்ரியலுக்கு 32,768 என்றால் சுழியம், தனியாகக் கழிக்க வேண்டாம். இசட் (உயர) அளவு 12,800 கொடுத்தால் ஒரு எண் ஒரு மீட்டர். எக்ஸ், ஒய் (கிடைமட்ட) அளவு 46,300.

ஸ்மூத் ஃபில்டரை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 2012 முதல் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் ஊர்ந்துகொண்டிருக்கும் மண் அது. அதன் மேடுபள்ளத்தை நாம் மாற்றக் கூடாது.

செந்தரை:
மலை எழும்பிவிட்டது! பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் சரிவெல்லாம் படிக்கட்டாக இருக்கிறது. இடையில் ஓரத்தை வெட்ட ஒரு பட எடிட்டரில் திறந்து சேமித்தேன்.

தூரத்துளி:
படி ஒவ்வொன்றும் 256 மீட்டர் உயரமா? அப்படியானால் எடிட்டர் அதை 8 பிட்டாக, அதாவது வெறும் 256 மதிப்புகளாகச் சுருக்கிவிட்டது. வெட்டும் வேலையையும் ஜிடாலிலேயே செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. 154 கிலோமீட்டர் அகலப் பள்ளம் இந்தத் தரவில் சுமார் 330 பிக்சல்தான். வானிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், தரையில் ரோவர் ஓட்டப் போதாது. ரோவர் போகும் பகுதிக்கு மட்டும் ஹைரைஸ் (செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தின் நுண்படக் கேமரா) இரு கோணப் படங்களிலிருந்து கிடைத்த ஸ்டீரியோ உயரத் தரவு, பிக்சலுக்கு 1 மீட்டர், எடுத்து மேலே பொருத்துங்கள்.

செந்தரை:
சரியாக 256! ஜிடாலில் வெட்டியதும் படிகள் போய்விட்டன. ஹைரைஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.