ப்ரொஜெக்டர் பழுதான அன்றுதான் பாடம் புரிந்ததாம், நான் என்ன செய்யட்டும்?

இரவு வகுப்பு வாத்தியார், ஈசூன்:

பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்குக் குளிரூட்டித் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறேன். ஒரு பாடத்துக்கு என்னிடம் 64 ஸ்லைடுகள். ஆறு ஆண்டுகளாகப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தவை. அம்புக்குறி பறந்து வரும், குழாய் நிறம் மாறும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை ப்ரொஜெக்டர் உயிரை விட்டது. அந்நேரத்தில் சரிசெய்ய ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் வெண்பலகையில் வரையத் தொடங்கினேன். முதலில் வாயுவை அமுக்கும் கம்ப்ரசர், ஒரு வட்டம். அதிலிருந்து வெளியேறும் சூடான வாயுவுக்குச் சிவப்புக் கோடு. கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. அடுத்து, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் விரிவு வால்வு. அதற்கு நீலப் பேனாவை எடுத்தால் மை வற்றியிருந்தது. உதறி உதறி எழுதினேன். திரவம் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும் எவாப்பரேட்டரை வரைந்துகொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பகலில் வீடு வீடாக ஏர்கான் சர்வீஸ் செய்பவர் அவர். "சார், திரவம் முழுவதும் ஆவியாகாமல் அப்படியே கம்ப்ரசருக்குள் போனால் என்ன ஆகும்?"

ஆறு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. திரவத்தை அமுக்க முடியாது, கம்ப்ரசர் உடையும், அதனால்தான் ஆவியைக் கொதிநிலைக்குச் சற்று மேலே சூடேற்றி அனுப்புகிறோம். இது என் 41ஆம் ஸ்லைடு. அவர்களுக்குச் சந்தேகம் வருவதற்கு முன்பே நான் விடையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

"இன்றைக்குத்தான் சார் புரிந்தது" என்று மூன்று பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். மகிழ்வதா வருந்துவதா? 64 ஸ்லைடுகளையும் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெம்பனிஸ்:

தம்பி, நான் ஒளிபுகு தாளில் எழுதி, விளக்கொளியில் திரையில் பெரிதாக்கிக் காட்டிய தலைமுறை. எழுதியதன்மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்து, வரி வரியாகக் கீழே இழுப்போம். அட்டை நகரும்வரை பிள்ளைகளின் கண்ணும் நகராது. பவர்பாயிண்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தபோது அந்தத் தாள்களை அச்சிடத்தான் உதவியது. பறக்கும் அம்பெல்லாம் பிறகு வந்த ஆட்டம்.

ஷிஃப்டு மாணவன், ஜூரோங் வெஸ்ட்:

ஐயா, தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எனக்கு ஜூரோங் தீவில் ஷிஃப்டு வேலை. மாதத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் போய்விடும். பலகையில் வரைந்ததை நண்பர்கள் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாதிப் படத்தில் விளக்கின் வெளிச்சம், மீதியில் ஆசிரியரின் முதுகு. ஆனால் ஒன்று, திரையில் இருப்பதை வரி பிசகாமல் வாசிக்கும் ஆசிரியரிடமும் படித்திருக்கிறேன். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

பாடத்திட்டக்காரி, பொங்கோல்:

ஷிஃப்டுத் தம்பி வாசிப்பைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சாண்டா பார்பராவில் இருக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த விஷயம் அது. படத்தோடு பேச்சு சேர்ந்தால் மனத்தில் நிற்கிறது. அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் பெரும்பாலும் குறைகிறது. கண் பாவம், படத்தைப் பார்க்குமா, வரியைப் படிக்குமா? பழக்கமில்லாத கலைச்சொற்களுக்கும், பாடம் நடக்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் இந்த விதி தளரும். நம் இரவு வகுப்புகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஆகவே சொல்லைத் திரையில் போடுங்கள், வாக்கியத்தைப் போடாதீர்கள்.

ஷிஃப்டுக்காரர்களுக்கு விளக்கக் குறிப்பைத் தனியாக அனுப்புங்கள். திரைக்கும் வீட்டுக்கும் ஒரே கோப்பு என்று நினைப்பதால்தான் 64 வருகிறது. பலகையில் வரையும்போது பவர்பாயிண்டில் 'B' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், மறுபடி தட்டினால் திரும்பும். ப்ரொஜெக்டர் பழுதாகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். "புரிந்தது" என்று மூன்று பேர் சொன்னதை நான் நம்பமாட்டேன். இரண்டு வாரம் கழித்து வெற்றுத்தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

இரவு வகுப்பு வாத்தியார், ஈசூன்:

அக்கா சொன்னபடி நேற்று வெற்றுத்தாள் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, முன்பு ஸ்லைடில் நடத்திய பாடத்தையும் வரையச் சொன்னேன். அம்பு பறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எங்கிருந்து எங்கே பறந்தது என்பது இரண்டு பேருக்கு.

பலகையில் வரைந்த சுழற்சியை ஏறக்குறைய எல்லோரும் போட்டுவிட்டார்கள், திரவக் கேள்வி கேட்டவர் அம்புக்குறியோடு. நான்கு பேர் மட்டும் விரிவு வால்வை விட்டுவிட்டார்கள். பேனாவில் மை வற்றியிருந்த இடம்.