ஜிம்னி கூரைக் கேரியர்: இரண்டு போல்ட் இறுகிவிட்டது, கழற்ற வழி என்ன?

உப்புக்காற்று (தூத்துக்குடி)

வணக்கம். ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் மேலே ஆறு கால் வைத்த கேரியர் போட்டிருக்கிறார். கால்கள் அலுமினியம், தட்டு இரும்பு, போல்ட் எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). கூரையில் துளை போடவில்லை. இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வழியும் கட்டர் விளிம்பைக் கிளாம்ப் கவ்விப் பிடித்திருக்கிறது.

வண்டி இனிமேல் பெரும்பாலும் சென்னையில் நிற்கப் போகிறது. அங்கே அடித்தளப் பார்க்கிங்கில் கேரியரோடு நுழைய முடியாது. அதோடு 70-ஐத் தாண்டினாலே விசில் சத்தம் கேட்கிறது. அதனால் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முன் நான்கு கால்களும் சுலபமாக வந்துவிட்டன. பின்பக்கம் இரண்டும் வரவில்லை. இடது பக்கம் அலன் கீ (அறுகோணச் சாவி) போடும் ஓட்டை தேய்ந்து வட்டமாகக் கிடக்கிறது. வலது பக்கம் போல்ட்டும் உள்ளே இருக்கும் நட்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. கிளாம்பை ஒட்டிக் கட்டரில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் கேட்டதற்கு, கிரைண்டர் வைத்து அறுத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்றார்கள். மனது ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

இன்னொன்று, அப்புறம் கழற்றி மாட்டுகிற மாதிரி நல்ல கேரியர் போட்டு, மேலே கூடாரம் வைக்க ஆசை. ஜிம்னிக்கு அது சரிப்படுமா?

நட்டுபோல்ட்டு (மதுரை)

கிரைண்டர் வேண்டவே வேண்டாம் தம்பி. பொறி கண்ணாடியில் பட்டால் பொத்துப் பொத்தாகப் பள்ளம் விழும், பாலிஷ் போட்டாலும் போகாது. பெயின்ட்டில் ஒட்டுகிற இரும்புத்தூள் ஒரு மழைக்குப் பிறகு செம்புள்ளியாகக் கிளம்பும். உங்கள் வண்டியில் ஆறு ஏர்பேக். அதில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அந்தக் கூரை ஓரத்துக்கு உள்ளேதான் படுத்திருக்கிறது. அந்த இடத்தில் அறுப்பதும் கூடாது, நெருப்பு காட்டுவதும் கூடாது.

இது ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் பொறுமை வரும். எஸ்.எஸ். போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி அலுமினியத்தை விட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் நகர இடமில்லாமல் போல்ட்டை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சிவப்புத் துரு தெரியாததால் நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். தூத்துக்குடிக் காற்றுக்கு இது சீக்கிரமே நடக்கும்.

இடது பக்கத்தை முதலில் பாருங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுங்கள். வெந்நீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். உப்பு கரையும், அலுமினியமும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். துடைத்துக் காயவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 ஈரம் விரட்டத்தான் நல்லது. இறுகிய மரைக்கென்றே தனியாக ஊடுருவும் எண்ணெய் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். மறுநாள் இன்னொரு தடவை அடித்து, போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

தேய்ந்த ஓட்டைக்கு, அதைவிட ஒரு நூல் பெரிய நட்சத்திர டார்க்ஸ் பிட் எடுத்துத் தட்டி இறக்குங்கள். அதன் முனைகள் ஓரத்தில் கடித்துக்கொள்ளும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். பிடிப்பு விட்டது தெரிந்த பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கம், மறுபடி கால் சுற்று. ஒரே இழுப்பில் இழுத்தால் போல்ட் முறியும்.

வலது பக்கத்துக்கு, இடது பக்கம் வந்த பிறகு சொல்கிறேன். போட்டோ போடுங்கள்.

மலைச்சரிவு (குன்னூர்)

கழற்றிய நான்கு கால்களையும் ஒரே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். முன் இடது, முன் வலது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, போல்ட், வாஷரோடு தனித்தனிப் பையில் வையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பல கேரியர்களில் முன்காலும் பின்காலும் சாய்வில் வேறுபடும். பின்பக்கம் மட்டும் மாட்டியபடி வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

உப்புக்காற்று

அண்ணாச்சி, இடது பக்கம் வந்துவிட்டது! டார்க்ஸ் பிட் தட்டி இறக்கி, நீங்கள் சொன்ன மாதிரியே முன்னும் பின்னும் திருப்பினேன். மரையில் வெள்ளைப் பொடி மாவு மாதிரி. வலது பக்கத்தின் போட்டோ இணைத்திருக்கிறேன். நட்டு அலுமினியக் காலுக்குள் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. விரல்கூட நுழையாது.

நட்டுபோல்ட்டு

நல்லது. போட்டோவைப் பார்த்தால், நட்டு உட்காரும் குழியின் சுவர் தேய்ந்துவிட்டது, அதனால்தான் கூடவே சுற்றுகிறது. முதலில் ஒரு சுலப முயற்சி செய்யுங்கள். ஒருவர் கேரியர் தட்டை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கட்டும். அந்த இழுவையில் நட்டு குழியின் அடியில் ஒட்டி நின்றால், போல்ட் மட்டும் சுற்றக்கூடும். தூக்குவதற்குக் கூரையை நெம்புகோலுக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். ஜிம்னி கூரைத் தகடு மெலிசு.

வரவில்லை என்றால் போல்ட் தலையை டிரில் போட்டு எடுக்க வேண்டியதுதான். அது எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் போல்ட். தலையில் அலன் ஓட்டை இருப்பதால் பிட் தானாக நடுவில் உட்காரும். 6 மில்லிமீட்டர் பிட், மெதுவான வேகம், நல்ல அழுத்தம், நடுநடுவே எண்ணெய். எஸ்.எஸ்.ஸை வேகமாகத் துளைத்தால் சூடேறிக் கெட்டியாகி பிட் வழுக்க ஆரம்பிக்கும். கோபால்ட் பிட் இருந்தால் நிம்மதி. தலை மோதிரம் போலக் கழன்று வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு இழைகூட உள்ளே போக வேண்டியதில்லை. சுற்றிலும் கூரைமேல் கெட்டியான ஈரத்துணி, அதன்மேல் அட்டை. வேலை முடிந்ததும் தூளைத் துடைக்காதீர்கள், கீறிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவி இறக்குங்கள்.

நெடுஞ்சாலை (சேலம்)

கூடாரக் கேள்விக்கு என் பங்கு. கொழுக்குமலை ஜீப்களில் மேலே எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஜிம்னியும் லேடர் பிரேம் (ஏணி போன்ற அடிச்சட்டம்) வண்டிதானே. 60 கிலோ கூடாரத்துக்கு ஏன் யோசிக்க வேண்டும்?

மலைச்சரிவு

பிரேம் அடியில் இருக்கிறது நண்பரே, கூடாரம் அதன்மேல் உட்காரப் போவதில்லை. கூரைச் சுமை கிளாம்ப் வழியாகக் கட்டர் விளிம்புக்கும், அங்கிருந்து தூண்களுக்கும் போகிறது. கட்டர் என்பது இரண்டு தகடுகள் சேர்ந்து பற்றவைத்த ஓரம்தான். எந்தப் பிரேம் போட்டாலும் அது மாறாது.

மூன்று கதவு ஜிம்னிக்கு ஆஸ்திரேலியாவில் சுசுகி சொல்லும் கூரைச் சுமை 30 கிலோதான். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. ஆனால் 60 கிலோ இருக்காது என்று தைரியமாகச் சொல்வேன். இந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேரும். முழு இரும்புத் தட்டுக் கேரியரே 25 கிலோ வந்துவிடும். பிறகு மேலே என்ன வைப்பது? அங்கேயே வரம்பு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வண்டி நிற்கும்போது கூரை இதைவிட அதிகம் தாங்கும், அதனால்தான் கூடாரத்துக்குள் இரண்டு பேர் படுக்க முடிகிறது. ஓடும்போது நிலைமை வேறு. பள்ளத்தில் இறங்கி எழும் ஒவ்வொரு தடவையும் அதே எடை கூரையைப் பல மடங்காக அடிக்கும். ஆஸ்திரேலியாவில் சில கேரியர் நிறுவனங்கள், மண் பாதையில் போவதானால் சாலைக்குச் சொன்ன எடையை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. 30 என்றால் 20.

ஜிம்னி ஒல்லியும் உயரமுமான வண்டி. பக்கச் சரிவான எஸ்டேட் பாதையில் மேலே 60 கிலோவோடு போனால், ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போதே வண்டி சாயும் விதம் மாறிவிடும். இந்த மலையில் தினமும் ஓட்டுகிறவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தரையில் போடும் கூடாரம் வாங்குங்கள். மேலே இரண்டு அலுமினியக் குறுக்குக் கம்பி மட்டும் போதும். படுக்கை, பாய், நாற்காலி மாதிரி லேசானவற்றை மேலே கட்டுங்கள். தண்ணீர்க் கேன், ஸ்டவ், டூல்ஸ் எல்லாம் உள்ளே தரையோடு இருக்கட்டும்.

விசிலுக்கும் பெரும்பாலும் கம்பிதான் காரணம். அலுமினியக் கம்பியில் மேலே நீளமாக ஒரு காடி இருக்கும், அதை மூடும் ரப்பர் பட்டை போய்விட்டால் காற்று புல்லாங்குழல் ஊதும். இறக்கை வடிவக் கம்பியைப் பின்முன்னாக மாட்டினாலும் சத்தம் வரும். தடித்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். சாமான் கட்டும் பட்டை படபடத்தால் ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டுங்கள், நின்றுவிடும்.

உப்புக்காற்று

வலது பக்கமும் வந்துவிட்டது. தூக்கிப் பிடித்துப் பார்த்தும் சுற்றிக்கொண்டே இருந்ததால் டிரில் போட்டோம். தலை கழன்றதும் கால் கையோடு வந்தது. கண்ணாடிக்கும் கூரைக்கும் ஒரு சேதாரமும் இல்லை. இருவருக்கும் ரொம்ப நன்றி. கூடார யோசனையையும் விட்டுவிட்டேன், கையேட்டைப் பார்த்தபின் மறுபேச்சு இல்லை.

கிளாம்பின் ரப்பருக்கு அடியில் பெயின்ட் உரிந்து, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு இருக்கிறது. ஒரு கடையில் சிலிகான் வைத்து அடைத்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நட்டுபோல்ட்டு

துருவின்மேல் எதை அடைத்தாலும் அடியில் அது பாட்டுக்குத் தின்னும். அதிலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அமிலம் விடும், இரும்புக்கு ஆகாது. பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். கட்டர் பற்றவைப்பில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் எபாக்ஸி ப்ரைமர், தகடு இணைப்பில் பாலியூரித்தேன் சீலன்ட், மேலே டச்-அப் பெயின்ட். ஓட்டை இருந்தால் அது பெயின்ட்டர் வேலை, தள்ளிப் போடாதீர்கள். கட்டர் தண்ணீர் உள்ளே வரும்.

புதுக் கம்பி மாட்டும்போது கட்டரைக் கழுவிக் காயவைத்து, கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட் பாதுகாப்பு பிலிம் ஒரு துண்டு ஒட்டுங்கள். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் சிக்கும் மணல்தான் உங்கள் பெயின்ட்டை உரித்தது. முன்கம்பி, பின்கம்பி இரண்டும் இடமும் வலமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப்பால் அளந்து, நான்கு காலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) என்று கம்பெனித் தாளில் இருக்கும், இந்த அளவு போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10-க்குக் கீழே. வீல் நட்டை இறுக்கிய கைக்கு இது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். அதிகம் இறுக்கினால் கட்டர் விளிம்பு நசுங்கும். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி ஒரு தடவை சோதியுங்கள்.

வேலை இல்லாத மாதத்தில் கழற்றி வையுங்கள். உங்கள் ஊரில் மாட்டியே விட்டால் மறுபடி இதே கதைதான்.

உப்புக்காற்று

கடைசியாக ஒன்று அண்ணாச்சி. போல்ட் மரையில் என்ன தடவுவது? இங்கே செம்பு கலந்த கிரீஸ் கிடைக்கிறது.

நட்டுபோல்ட்டு

அலுமினியத்துக்குச் செம்பு வேண்டாம், அரிப்புக்கு அதுவே துணை போகும். மரை இறுகிப்போகாமல் தடுக்கும், நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் கேளுங்கள். கிடைக்காவிட்டால் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் மரைன் கிரீஸ் இருக்கும். மரையில் மெலிசாகத் தடவினால் போதும். பேஸ்ட் போட்ட மரை வழுக்கிக்கொண்டு அதிகமாக இறுகும், அதனால் டார்க் ரெஞ்ச்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) தாளில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.