பாஸ்வேர்டு போட்ட பிறகு வெறும் வால்பேப்பர் மட்டும்: ஐகான், டாஸ்க்பார் வர நாலு நிமிடம் ஆகிறது

வெண்திரை (கேள்வி)

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி கிடையாது. லாகின் திரை வரை சுமாரான வேகத்தில் வந்துவிடுகிறது. பாஸ்வேர்டு போட்டதும் "வெல்கம்" சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு வெறும் வால்பேப்பர். ஐகானும் இல்லை, டாஸ்க்பாரும் இல்லை. மவுஸ் அம்பு நகரும், ரைட் கிளிக் வேலை செய்யாது. மூன்று, நாலு நிமிடம் கழித்து எல்லாம் மொத்தமாக வந்து விழும். சில சமயம் வால்பேப்பர்கூட இல்லாமல் முழுக் கறுப்பு.

வைரஸ் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாததை எல்லாம் டிஸேபிள் செய்தாயிற்று, பெரிய மாற்றம் இல்லை. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்) க்ளீனர் போடலாமா, நேரே ஃபார்மட் அடிப்பதா?

சில்லுக்காரன்

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எப்போதுமே வேண்டாம். நாலு நிமிடத் தாமதத்துக்கு ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய குப்பை காரணமாக இருக்காது. அதை அள்ளப்போய் வேறு எதையாவது உடைத்து வைக்கும்.

ஐகான், டாஸ்க்பார் இரண்டையும் காட்டுவது எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி. லாகின் ஆனதும் வின்லாகான் என்பது யூசர்இனிட்டை எழுப்பும், யூசர்இனிட் எக்ஸ்ப்ளோரரை எழுப்பும். திரை காலியாக இருந்தால் ஒன்று எக்ஸ்ப்ளோரர் இன்னும் எழவில்லை, இல்லாவிட்டால் எழுந்தும் எதற்காகவோ காத்து நிற்கிறது. எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

அடுத்த முறை திரை காலியாக இருக்கும்போதே கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும் (டிஸ்க் திணறினால் அதுவே வர அரை நிமிடம் எடுக்கும், பொறுமை). டீடெய்ல்ஸ் பக்கத்தில் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி இருக்கிறதா பாருங்கள்.

இல்லை என்றால் ஃபைல் → ரன் நியூ டாஸ்க் போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர். உடனே டெஸ்க்டாப் வந்துவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: ஹெச்கீ லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் என்டி → கரன்ட் வெர்ஷன் → வின்லாகான். அங்கே ஷெல் என்பதற்கு எதிரே எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி மட்டும்தான் இருக்க வேண்டும். கூட வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வைரஸ் வேலையாக இருக்கலாம், வைரஸை எடுத்தபோது மிஞ்சிய வாலாகவும் இருக்கலாம்.

எக்ஸ்ப்ளோரர் ஓடுகிறது, ஆனாலும் திரை காலி என்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 100% காட்டி, ரீட் ஸ்பீட் மட்டும் சில நூறு கேபிதான் என்றால் சந்தேகம் டிஸ்க் மேல். அதே பக்கத்தில் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் இருக்கும். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது பெரும்பாலும் சில பத்து மில்லிசெகண்டுக்குள் அடங்கும். ஆயிரக்கணக்கில் போனால் டிஸ்க் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது.

டிஸ்க், சிபியு இரண்டுமே சும்மா இருக்கின்றன, திரையும் காலி என்றால் கதை வேறு. வெளியே இருக்கும் ஏதோ ஒன்றிடமிருந்து பதில் வரட்டும் என்று எக்ஸ்ப்ளோரர் நிற்கிறது.

முழுக் கறுப்பு வரும்போது விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்திப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை ரீசெட் செய்யும். ஒரு பீப் கேட்டு, திரை சிமிட்டி, படம் வந்தால் டிரைவர் பிரச்சினை.

பழையமதர்போர்டு

மேலே சொன்ன அந்தச் "சும்மா நிற்கும்" வகைக்கு: அணைத்து வைத்திருக்கும் வேறு கம்ப்யூட்டரையோ நாஸ் பெட்டியையோ (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) நெட்வொர்க் டிரைவாக மேப் செய்து வைத்திருக்கிறீர்களா? டெஸ்க்டாப்பிலேயே அதற்கு ஷார்ட்கட் இருந்தால் இன்னும் மோசம், ஐகான் படத்துக்காக எக்ஸ்ப்ளோரர் அங்கே போய்த் தேடும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். நேரம் மாறினால் வழி அந்தப் பக்கம்தான்.

ஷட்டவுன் செய்து ஆன் பண்ணும்போது ஆகும் நேரத்தையும் ரீஸ்டார்ட்டில் ஆகும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை. கெர்னலையும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் ஹைபர்னேஷன் ஃபைலில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட் வேகம், ஷட்டவுன் மட்டும் மந்தம் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

நேரம் எங்கே போகிறது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும், பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஈவென்ட் வியூவர் → அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் → ஆபரேஷனல். அங்கே ஈவென்ட் 100, டீடெய்ல்ஸ் பக்கம். மெயின்பாத்பூட்டைம் என்பது டெஸ்க்டாப் வரும் வரை ஆன நேரம், பூட்போஸ்ட்பூட்டைம் அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அடங்க ஆன நேரம். இரண்டும் மில்லிசெகண்டில் இருக்கும். 101 முதல் 103 வரை உள்ள ஈவென்ட்கள் எந்த அப்ளிகேஷன், எந்த டிரைவர், எந்த சர்வீஸ் இழுத்தடித்தது என்று பெயரோடு சொல்லும்.

பிறகு விண்டோஸ் லாக்ஸ் → சிஸ்டம். சோர்ஸ் "டிஸ்க்" என்று ஈவென்ட் 7 அல்லது 153 இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள்) போட்டு, டிஸ்க் தன் பழுதுகளை எண்ணி வைக்கும் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் ரா வேல்யூவையும் (கணக்கிடாத அசல் எண்) போடுங்கள்.

வெண்திரை

பார்த்தேன். எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டிஸ்க் 100%, ரீட் 400 கேபி சுற்றி, ரெஸ்பான்ஸ் டைம் 3000 மில்லிசெகண்டைத் தாண்டுகிறது. நெட்வொர்க்கைக் கழற்றினாலும், ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கதை. மெயின்பாத்பூட்டைம் 214000. சிஸ்டம் லாக்கில் 153 வரிசையாக, நடுநடுவே 7. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளில் "காஷன்": 05 பூஜ்யம், சி5 கடைசியில் 10, சி6 பூஜ்யம், சி7 பூஜ்யம். பத்துதானே, அவ்வளவு மோசமா? செக்டிஸ்க் /ஆர் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளை) ஓட்டிச் சரிசெய்துவிடலாமா?

சில்லுக்காரன்

அந்த 10 பத்து இல்லை, பதினாறு. அந்த மென்பொருள் ரா வேல்யூவை ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண் முறை) காட்டும். மெனுவில் டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னத் துண்டுகள்). எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அவை லாகின் நேரத்தில் விண்டோஸ் படிக்கும் ஃபைல்களில் விழுந்திருந்தால், ஒவ்வொரு செக்டரையும் டிஸ்க் பல விநாடி போராடிப் படிக்கும். 153 என்பது ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) மறுபடி முயலப்பட்டது என்ற பதிவு, 7 என்பது பேட் பிளாக். சி7 என்பது கேபிள் வழியே தரவு போகும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை, அது பூஜ்யமாக இருப்பதால் சாட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) மேல் பழி போட முடியாது. ஸ்டார்ட்அப்பைக் குறைத்தும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

செக்டிஸ்க் /ஆர் இப்போது ஓட்டாதீர்கள். டிஸ்க் முழுவதையும் ஒரு செக்டர் விடாமல் படிக்க வைக்கும், நோஞ்சான் டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம். டிஃப்ராகும் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) கூடாது. முதலில் போட்டோ, டாக்குமென்ட் என்று மறுபடி கிடைக்காதவற்றை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள், பெரிய வீடியோக்கள் கடைசியில். காப்பி ஒரு ஃபைலில் நின்றால் ஸ்கிப் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம் எஸ்எஸ்டி. டெஸ்க்டாப் என்பதால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அதே டேட்டா கேபிள், அதே பவர் கேபிளில் மாட்டும். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி நேரே செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மேனுவலில் பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒன்றில்லை.

பழையமதர்போர்டு

குளோனிங் (டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பது) பற்றி யாராவது சொல்வதற்கு முன்: பேட் செக்டர் டிஸ்க்கை சாதாரண குளோன் மென்பொருளில் போட்டால் பாதியில் எரர் காட்டி நிற்கும். லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினால் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு மோசமான இடத்துக்குப் பிறகு திரும்பும். ஆனாலும் கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்கள் புது டிஸ்க்குக்கும் கூடவே வரும். புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல். இன்ஸ்டால் செய்ய 8 ஜிபி யுஎஸ்பி போதும். டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தால் அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினாலும் தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. போர்டில் டிபிஎம் 2.0 (பாதுகாப்பு வசதி) இருந்து, பிராசஸரும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இருந்தால் நேரே 11 போட்டுவிடுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் பூட் ஃபைல்களை பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே (பூட் ஃபைல்கள் இருக்கும் சின்னப் பகுதி) கொண்டுபோய் எழுதிவிடும். அந்த டிஸ்க் செத்த அன்று எஸ்எஸ்டியும் பூட் ஆகாது.