மறு: கப்பிபாராவுக்குத் தமிழ்ச்சொல் – நீர்ப்பன்றியே போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவின் கப்பிபாரா என்ற விலங்குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசி வருகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் புல்லுண்ணி, நீர்ப்பெருச்சாளி, நீர்ப்பன்றி. ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. என் ஓட்டு நீர்ப்பன்றிக்கு.

> மூலப்பெயரின் பொருளையே எடுத்து 'புல்லுண்ணி' என்றால் என்ன?

பொருள் சரிதான். பிரேசிலின் டூப்பி மொழியில் 'மெல்லிய இலையைத் தின்பது' என்று அமைந்த சொல், போர்த்துக்கீசியத்தில் கப்பிவாரா ஆனது. ஆனால் தமிழில் உண்ணி என்றாலே மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். தாவரவுண்ணி, ஊனுண்ணி போன்ற வகைப்பெயர்களில் அது உறுத்துவதில்லை. தனி விலங்கின் பெயரில் உறுத்தும். அதிலும் இந்த விலங்குக்கு அந்தப் பெயர் ஆகவே ஆகாது. பிரேசிலில் புள்ளிக்காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளின் முக்கிய ஓம்புயிரிகளில், அதாவது அவை ஒட்டி வாழும் விலங்குகளில், இதுவும் ஒன்று. 'புல்லுண்ணியின் மேல் வாழும் உண்ணி' என்று ஒரு மருத்துவக் கட்டுரையில் எழுதிப் பாருங்கள், தெரியும்.

> நீர்ப்பெருச்சாளி?

எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு, அதாவது கொறிணி, என்று காட்டிவிடுகிறது, அது நல்லது. ஆனால் 50 கிலோ எடையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் விலங்கைப் பெருச்சாளி என்று கூப்பிட மனம் வரவில்லை. தமிழில் அந்தச் சொல் பாதி வசையாகிவிட்டது.

> இது பன்றியே இல்லை, உலகின் மிகப்பெரிய கொறிணி. நீர்ப்பன்றி என்பது அறிவியல் பிழை.

இந்த மறுப்புக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், பிழை என்றால் அதைச் செய்தது நாம் இல்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் 1766-இல் இதைப் பன்றிப் பேரினத்திலேயே (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்த்து வைத்தார். பிறகு பேரினம் மாறியது. பெயரில் பன்றி மட்டும் போகவில்லை. இன்றைய ஹைட்ரோகீரஸ் என்ற பேரினப் பெயருக்கும் கிரேக்கத்தில் நீர்ப்பன்றி என்றுதான் பொருள். ஜெர்மானியரும் சீனரும் தத்தம் மொழியில் அப்படியே சொல்கிறார்கள். (வெனிசுவேலாவில் புனித வாரத்தில் இறைச்சி விலக்கும் கத்தோலிக்கர்கள் இதை மீன் கணக்கில் சேர்த்து உண்பார்கள். அதை ஒப்பிட்டால் பன்றி எவ்வளவோ மேல்.)

அடுத்தது, தமிழ்ப் பெயர்கள் உருவத்தையும் பழக்கத்தையும் பார்த்து வைத்தவை. உறவுமுறை பார்த்து வைத்தவை அல்ல. நீர்யானை யானையும் இல்லை, நீர்நாய் நாயும் இல்லை. முள்ளம்பன்றி? அதுவும் ஒரு கொறிணிதான். அந்தப் பெயரை மாற்றச் சொல்லி யாரும் இதுவரை கேட்கவில்லை. தெலுங்கில் பெருச்சாளிக்குப் பந்திகொக்கு என்று பெயர், அதாவது பன்றி எலி. ஆங்கிலத்தின் பேண்டிகூட் அதிலிருந்து போனதுதான். கொறிணியைப் பன்றியோடு சேர்த்துப் பார்ப்பது நம் பக்கத்து மொழிகளுக்குப் புதிதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. முள்ளம்பன்றி, கினிப்பன்றி, நீர்ப்பன்றி என்று மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கினிப்பன்றியும் கப்பிபாராவும் ஒரே குடும்பம். முள்ளம்பன்றி சற்றுத் தள்ளி, ஆனால் அதே துணைவரிசையைச் சேர்ந்தது. எலியும் அணிலும் அதில் வராது. அதாவது கொறிணிகளின் பெயரில் 'பன்றி' என்ற ஈறு வந்தால் அது இந்தக் கிளையைச் சேர்ந்தது என்று, யாரும் திட்டமிடாமலேயே ஓர் ஒழுங்கு அமைந்துவிடுகிறது. வேண்டுமென்று தேடினாலும் இப்படிக் கிடைக்காது.

முன்னொட்டையும் மறக்க வேண்டாம். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்பக்கம், விரல்களுக்கு இடையே சவ்வு, ஆபத்து என்றால் நீருக்குள் பாய்ந்து சில நிமிடங்கள் மூழ்கியிருக்கும், இணைசேர்வதும் நீரில்தான். 'நீர்' இல்லாத பெயர் இதற்குப் பாதிப் பெயர்தான்.

> ஆப்பிரிக்காவில் உண்மையிலேயே நீர்நிலைகளை ஒட்டி வாழும் பன்றி உண்டே, குழப்பம் வராதா?

அந்தச் செந்நிறப் பன்றிக்கு ஆற்றுப்பன்றி என்ற பெயர் பொருந்தும். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒலிபெயர்ப்பு. அதைத் துரத்த வேண்டியதில்லை. வேடிக்கைப் படங்களுக்குக் கீழே எழுதுபவர்கள் எப்படியும் அதைத்தான் எழுதுவார்கள். எழுத்தை மட்டும் சீராக்கலாம். கேபிபரா என்று எழுதினால் முதல் பகரம் மெலிந்து ஒலிக்கும். காப்பிபாரா என்றால் குடிக்கிற காப்பி வந்துவிடும். கப்பிபாரா என்றால் இரட்டித்த பகரம் வல்லோசையாகவும் அடுத்தது மெல்லோசையாகவும் இயல்பாகவே ஒலிக்கும். தமிழின் ஒலிப்பு விதியே வேலையைச் செய்துவிடுகிறது. ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவர்கள் வலைச்செயலிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் கப்பிபாரா என்ற மென்பொருளின் பெயரை அப்படியே விட வேண்டும். அது இடுபெயர், அதை நீர்ப்பன்றி ஆக்கினால் யாருக்கும் புரியாது.

ஆகவே பதிவு இப்படி இருக்கலாம்: நீர்ப்பன்றி (பெ.) – தென் அமெரிக்காவில் நீர்நிலைகளை ஒட்டிக் கூட்டமாக வாழும், வாலற்ற பெரிய கொறிணி, கப்பிபாரா. இடையில் ஒற்று கட்டாயம். 'நீர் பன்றி' என்று பிரித்து எழுதினால் யாரையோ திட்டுவது போல ஆகிவிடும்.

பனாமா, கொலம்பியா, வெனிசுவேலாவில் இதே பேரினத்தில் சற்றுச் சிறிய இனம் ஒன்றும் இருக்கிறது. அதற்குச் 'சிறு நீர்ப்பன்றி' என்று எழுதி வைத்திருக்கிறேன். குட்டி என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. நல்ல அடைமொழி தோன்றினால் எழுதுங்கள்.