ரெஜிஸ்ட்ரியில் கண்ணெதிரே இருக்கு, விபி6 புரோகிராம் மட்டும் இல்லேங்குது

குலசேகரம் ரப்பர்கடை:
ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை. பில் போடுற புரோகிராம் விபி6-ல (விஷுவல் பேசிக் 6) எழுதினது. எழுதித் தந்தவரு கல்ஃபுக்குப் போயாச்சு, சோர்ஸ் என் கையில இருக்கு. எக்ஸ்பி கம்ப்யூட்டர மாத்தி இப்ப 64-பிட் விண்டோஸ் 10. பழையதுல ரெஜிஸ்ட்ரிய (விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் வச்சிருக்கிற இடம்) எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைல இங்க டபுள் கிளிக் பண்ணி ஏத்தினேன். ரெஜிஸ்ட்ரி பாக்கிற ரெஜ்எடிட்ல பாத்தா லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், அதுக்குக் கீழ ரப்பர்பில்னு கீ இருக்கு, டேட்டாபாத் வேல்யூவும் இருக்கு. புரோகிராம் ‘டேட்டா ஃபோல்டர் இல்லை’ன்னு சொல்லி மூடிக்குது. பிரிண்டர் பேரு மட்டும் ஒழுங்கா எடுக்குது, அதுதான் ஒண்ணும் பிடிகிட்டல்ல. மழை விட்டு பால்வெட்டு தொடங்கினா கூட்டம் வந்துரும், அதுக்குள்ள சரியாக்கணும்.

மார்த்தாண்டம் பிரவுசிங்:
அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டிப் பாருங்க அண்ணே. இல்லேன்னா ரெஜிஸ்ட்ரி படிக்கிறத விபியோட சொந்த கெட்செட்டிங்குக்கு மாத்திருங்க, ஒரே வரி.

தக்கலை விபி:
கெட்செட்டிங் இதுக்கு ஆகாது தம்பி. அது கரன்ட் யூசருக்குக் கீழ ‘விபி அண்ட் விபிஏ புரோகிராம் செட்டிங்ஸ்’ங்கிற ஒரே இடத்தத்தான் பாக்கும். அண்ணே, புரோகிராம் எழுதினவரு பிரிண்டர் பேர அதே இடத்துல எழுதுற சேவ்செட்டிங்ல வச்சிருப்பாரு, அதான் அது மட்டும் வருது. டேட்டாபாத்த ஏபிஐ (விண்டோஸோட சொந்த ஃபங்ஷன்) வழியா எடுத்திருப்பாரு. கீய திறக்கிற ரெக்ஓப்பன்கீஎக்ஸ் என்ன எண்ணத் திருப்பித் தருது? 5-ன்னா அனுமதி இல்ல. பழைய கோடுல பலபேரு படிக்கிறதுக்கே ‘கீ ஆல் ஆக்சஸ்’னு முழு அனுமதி கேட்டு வச்சிருப்பாங்க. 2-ன்னா கதையே வேற.

குலசேகரம் ரப்பர்கடை:
2. அட்மினா ஓட்டினாலும் 2 தான்.

தக்கலை விபி:
நினைச்சேன். 2-ன்னா அப்படி ஒரு கீயே இல்லன்னு அர்த்தம். புரோகிராம் பொய் சொல்லல்ல. விபி6-ல எத எழுதினாலும் 32-பிட் எக்ஸ்இ தான். 64-பிட் விண்டோஸ்ல 32-பிட் புரோகிராம் லோக்கல் மெஷின் சாஃப்ட்வேர்னு கேட்டா, விண்டோஸ் சத்தமில்லாம அத சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிற வாவ்6432நோட் பக்கம் திருப்பிவிட்டுரும். நீங்க டபுள் கிளிக் பண்ணினப்ப ஏத்தினது 64-பிட் ரெஜ்எடிட், அது போய் உக்காந்தது நேர் சாஃப்ட்வேர்ல. கரன்ட் யூசர் சாஃப்ட்வேருக்கு இந்தத் திருப்பல் கிடையாது, ரெண்டு பக்கத்துக்கும் பொது.

வழி: அந்த ரெக் ஃபைல நோட்பேட்ல திறந்து, கீ பாதையில சாஃப்ட்வேருக்கும் ரப்பர்பில்லுக்கும் நடுவில வாவ்6432நோட் சேத்து, திரும்ப ஏத்துங்க. கமாண்ட் பிராம்ட் பழக்கம்னா ரெக் இம்போர்ட் கட்டளையோட கடைசியில /ரெக்:32 போட்டாலும் அதே காரியம்தான்.

நாகர்கோவில் சாஃப்ட்:
எதுக்கு இத்தன பாடு? கோடுல படிக்கிற அனுமதியான ‘கீ ரீட்’ கூட ‘கீ வாவ்64 64கீ’ங்கிற கொடிய ‘ஆர்’ போட்டு சேத்துக் குடுங்க. ஹெக்ஸ்ல 20019-ம் 100-ம் சேத்து 20119. 64-பிட் பக்கத்த நேரா படிக்கும்.

தக்கலை விபி:
படிக்கும் சாரே, மறுக்கல்ல. ஆனா செட்டிங்ஸ் ஃபார்ம்ல சேவ் அமுக்கினா எழுதுறது? எழுத கீய உருவாக்குற ரெக்கிரியேட்கீஎக்ஸ் அழைப்புல அந்தக் கொடி இல்லேன்னா 32-பிட் பக்கம்தான் எழுதும். ஃபோல்டர மாத்தி சேவ் பண்ணுவாரு, அடுத்தால திறந்தா பழையதே நிக்கும். எல்லா அழைப்பையும் தேடி மாத்துறதுக்கு, டேட்டாவ இடம் மாத்துறது மேல்.

மார்த்தாண்டம் பிரவுசிங்:
ரெஜிஸ்ட்ரி படிக்க டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லோட ரெக்ரீட் போட்டா? ஏபிஐ டிக்ளேர் தொல்லையே இல்லயே.

தக்கலை விபி:
சின்ன வேலைக்கு நல்லதுதான். ஆனா அது ஓடுறதும் நம்ம 32-பிட் எக்ஸ்இக்கு உள்ளதான், அதனால அதே பக்கம்தான் பாக்கும்.

குலசேகரம் ரப்பர்கடை:
வாவ்6432நோட் சேத்து ஏத்தினேன், கடை புரோகிராம் திறந்தாச்சு! ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் கூட: சோதிக்க நானே ஒரு சின்ன ஃபார்ம் எழுதினேன். டேட்டாபாத்த எடுத்து, கூட ரேட் ஃபைல் பேரச் சேத்து மெசேஜ்பாக்ஸ்ல காட்டினா ஃபோல்டர் வரைக்கும்தான் தெரியுது. ஃபைல் பேரு காணாம போகுது.

தக்கலை விபி:
வேல்யூவ படிக்கிற ரெக்குவெரிவேல்யூஎக்ஸ் தர்ற நீளத்துல கடைசி நல் எழுத்தும் (ஸ்ட்ரிங் முடிஞ்சதுன்னு காட்டுற எழுத்து) சேந்தே வரும். அதுக்குப் பின்னால நீங்க ஒட்டினது ஸ்ட்ரிங்ல இருக்கு, மெசேஜ்பாக்ஸ் அந்த நல் எழுத்தக் கண்டதும் நிறுத்திருது. இன்ஸ்ட்ரிங்க வச்சு விபிநல்சேர் (அதே நல் எழுத்து) எங்கேன்னு தேடி, அதுக்கு முன்னால உள்ளத லெஃப்ட் போட்டு வெட்டுங்க. நல் கிட்டாம இன்ஸ்ட்ரிங் 0 தந்தா லெஃப்டுக்கு மைனஸ் 1 போய் எரர் 5 வரும், அதுக்கு ஒரு இஃப் போட்டுக்கோங்க. ஏபிஐய அறிவிக்கிற டிக்ளேர் வரில டேட்டா ‘ஆஸ் எனி’ன்னு இருந்தா, ஸ்ட்ரிங்கக் குடுக்கும்போது பைவேல் போட மறந்துராதீங்க. மறந்தா எரர் எண்ணெல்லாம் வராது, விபி6 அப்படியே மூடிக்கும், சேவ் பண்ணாத கோடும் கூடவே போகும்.

குலசேகரம் ரப்பர்கடை:
வெட்டினதும் முழுப் பாதையும் வருது. பைவேல் ஏற்கெனவே இருக்கு. தராசு இன்னும் காம் போர்ட்ல பேசமாட்டேங்குது, அத வேற இழையா கேக்கிறேன்.