ஏஎஃப்எஸ்டி (உணவு விஞ்ஞானிகள் சங்கம்) கிளையில் சேர்ந்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மஞ்சள்ஊர்க்காரன்:
பெருந்துறைப் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் கியூசியில் (தரக் கட்டுப்பாடு) இருக்கிறேன், ஃபுட் டெக் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. லேபில் நான் ஒருத்தன்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை, முதலாளியிடம் போனால் "நீதானப்பா படிச்சவன்" என்கிறார். மைசூரில் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தில் இருந்து நடக்கிற உணவு விஞ்ஞானிகள் சங்கத்துக்குக் கோவையிலும் கிளை உண்டு என்று சீனியர் ஒருவர் சொன்னார். சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, இல்லை ரெஸ்யூமில் ஒரு வரி கூடுவதோடு சரியா? பாதி ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் போய்விடும், அதனால்தான் கேட்கிறேன்.

பழையஉறுப்பினர்:
ரெஸ்யூமில் ஒரு வரிதான். நான் வேறொரு ஊரில், இதே மாதிரி ஒரு சங்கத்தில் மூன்று வருடம் இருந்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், கடைசியில் விஷயம் தெரிந்த பேச்சாளருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். சாப்பாடு நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

மாவுக்காரி:
தம்பி, மேடையில் ஒன்றும் கிடைக்காது என்பது பாதி உண்மை. டீ குடிக்கிற இடத்தில் கிடைக்கும். எங்கள் இட்லி மாவு பாக்கெட் எல்லாம் கடை ஃப்ரிட்ஜில் தலையணை மாதிரி உப்பித் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம், நாங்கள் சீலிங் சரியில்லை என்று ஃபிலிம் சப்ளையரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். சென்னையில் ஒரு கூட்டம் முடிந்து புலம்பியபோது, ரிடையரான மைக்ரோபயாலஜி சார் ஒருவர் "அரைச்ச மாவு எவ்வளவு நேரத்துல குளிருது?" என்று மட்டும் கேட்டார். எங்களில் யாரும் அளந்ததே இல்லை! கிரேட்டை நெருக்கி அடுக்கியிருந்தோம், நடுவில் இருந்த பாக்கெட்டில் புரோப் குத்திப் பார்த்தால் ராத்திரி வைத்தது காலையிலும் வெதுவெதுப்பு. மாவில் இருக்கிற லூகோநாஸ்டாக் பாக்டீரியா கார்பன் டை ஆக்சைடு விடத்தானே செய்யும், அதன் வேலையே அது. இடைவெளி விட்டு அடுக்கினோம், ரிட்டர்ன் குறைந்தது.

லேப்கோட்:
1957ல் ஆரம்பித்த சங்கம், வருடா வருடம் ஐசிஎஃப்ஓஎஸ்டி என்ற உணவு விஞ்ஞானிகள் மாநாடு நடத்துகிறார்கள், ஜர்னலும் உண்டு. ஆனால் எடுத்தவுடன் ஆயுள் சந்தா கட்டாதீர்கள். ஜூன் 7 உணவுப் பாதுகாப்பு நாள், அக்டோபர் 16 உலக உணவு நாள், இதையொட்டி எங்காவது கூட்டம் நடந்தால் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள், பிடித்தால் சேருங்கள். சந்தாவைக் கம்பெனி தலையில் கட்ட முடியுமா என்றும் பாருங்கள். அப்புறம், வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கேள்வியோடு போங்கள்.

மஞ்சள்ஊர்க்காரன்:
கேள்வி இருக்கிறது அண்ணா. மழைக்காலம் வந்தால் மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குள் கட்டி பிடிக்கிறது, ஆனால் ஈரப்பதம் டெஸ்டில் வரம்புக்குள்தான் வருகிறது.

மாவுக்காரி:
அரவையில் இருந்து வருகிற சூட்டோடு பேக் பண்ணுகிறீர்களா? சூடான தூளை அடைத்தால் ஆறும்போது உள்ளேயே வேர்த்து அங்கங்கே கட்டி விழும். நீங்கள் மொத்தமாகக் கலந்து சாம்பிள் எடுத்தால் சராசரி சரியாகத்தான் காட்டும். கட்டியைத் தனியாக எடுத்து வாட்டர் ஆக்டிவிட்டி (கட்டுப்படாத ஈரம் எவ்வளவு என்ற அளவு) பாருங்கள். ஃபிலிம் வழியாக ஈரம் போகிறதா என்பதை அடுத்து பார்க்கலாம்.

மஞ்சள்ஊர்க்காரன்:
சூட்டோடுதான் போகிறது அக்கா. மெஷினுக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நாளைக்குக் காலை ஷிஃப்டில் தெர்மாமீட்டரோடு நிற்கிறேன்.

பழையஉறுப்பினர்:
பாருங்கள், சந்தா கட்டாமலே வேலை முடிந்தது.